நான்காம் முறை மடிக்காத கயிறு

பென்யலோங்கா, கலீசியா
ஜனவரி 23, வியாழன்

அன்புள்ள தரெய்ஷாவுக்கு அம்மா எழுதுவது.

நேற்று காலை பத்தேகாலுக்குத் துறைமுக அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பதினான்காம் தேதி வடக்கே இழுவலைப் படகுக்காரர்கள் கரை சேர்த்த உடல் நம் ஷியானுடையதுதான் என்று மாகாண ஆய்வகம் உறுதி செய்துவிட்டதாக அதிகாரி சொன்னார். எழுத்தில் வேண்டும் என்றேன். பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆள் தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். மருத்துவமனையில் என் வாயிலிருந்து பஞ்சில் எடுத்துப்போனதையும் அந்த உடலையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் தாயும் மகனும் என்பதில் ஐயமில்லை என்று மூன்றாவது வரியில் இருக்கிறது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று உனக்கு எழுத மாட்டேன். போனில் உன்னிடம் இரண்டு வாக்கியம்தான் சொல்ல முடிந்தது, அதற்குள் நீயும் அழ நானும் அழ ஒன்றும் விளங்காமல் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் எப்போதும் போலத்தான், மழை வந்தால் எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. சாப்பிடுகிறேன். சபேலா தினமும் மத்தியானம் ஒரு பாத்திரத்தில் கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் கொண்டுவந்து, நான் பாதியாவது குடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவள் உள்ளங்கைகள் இன்னும் ஆறவில்லை, பாத்திரத்தை மணிக்கட்டால் அணைத்துத்தான் தூக்கி வருகிறாள். கூரையில் நாலு ஓடு பெயர்ந்திருந்தது, எலிசியோ வந்து மாற்றிவிட்டார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஸ்காட்லாந்துக் குளிரில் அந்த அறையில் சூடேற்றி ஒழுங்காக வேலை செய்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று அடுத்த கடிதத்தில் ஒன்றுவிடாமல் எழுது. நன்றாக இருக்கிறேன் என்று ஒரே வரியில் முடிக்காதே.

நீ பதினோராம் தேதி எழுதிய கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. கடலில் நிற்கும் அந்தக் காற்றாலைக் கோபுரத்தின் அடியில் படகு போய் முட்டியதும், ஏணியைப் பிடிக்க வேண்டிய கை படகின் கம்பியை விடவே மாட்டேன் என்கிறது, இந்த மாதம் மூன்று தடவை அப்படி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாய். எட்டு வருஷமாக ஏறுகிற ஏணி. உன்னோடு வேலை செய்கிறவர்கள் உன் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் சாப்பாட்டு மேஜையில் நீ போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது என்றாய். மேலாளர் விடுப்புக் கொடுத்திருக்கிறார், பிப்ரவரி மூன்றாம் தேதி மறுபடியும் கடலுக்குப் போக வேண்டும், போகிறாயா இல்லையா என்று முப்பத்தோராம் தேதிக்குள் அவருக்குச் சொல்ல வேண்டும். இந்தப் பயத்தை எப்படித் துரத்துவது, ஷியானின் அக்கா இப்படி நடுங்கலாமா, வெட்கமாக இருக்கிறது என்று முடித்திருந்தாய். இதற்கு நான் பதில் சொல்வதற்கு முன்னால் டிசம்பரில் நான் செய்த ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ தேடுதலின்போது வந்து பத்து நாள் இங்கே இருந்தாய், நான் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லையாம்மா என்று நீ கேட்டபோதுகூட, அடுப்பைப் பார்ப்பதுபோல் எழுந்து போய்விட்டேன்.

கயிறு மடிப்பது பற்றி உனக்கும் எனக்கும் இதுவரை பாதிதான் தெரிந்திருந்தது. பாறையில் சிப்பிபோல ஒட்டி வளரும் பெர்செபேயைச் சுரண்ட இறங்கும் முன் ஷியான், சபேலா, எலிசியோ மூவரும் மேட்டில் நின்று கடலைப் பார்ப்பார்கள். அப்போது யாராவது ஒருவர் தன் இடுப்புக் கயிற்றை நாலாக மடித்துத் தரையில் வைத்துவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. மூவரும் திரும்பிவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இது ஊருக்கே தெரியும். தெரியாத பாதி என்னவென்றால், மடித்தது யார் என்று வீட்டில் சொல்லக் கூடாது. கடல் மூடியிருந்தது என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். உன் அப்பா இருபத்தாறு வருஷம் என்னிடம் அப்படித்தான் சொல்லிவந்தார். பத்திரிகைக்காகக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான், மூடியது யார் என்று அவரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. அவர் மடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஷியான் அந்த விதியை மீறினான். கடலில் மீறவில்லை, வீட்டில் என்னிடம்தான் மீறினான். டிசம்பர் ஐந்தாம் தேதி காலை பதினொன்றரைக்கே திரும்பி வந்து, ரப்பர் உடையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, நான்தான் மடிச்சேன்மா என்றான். பதினோராம் தேதி மறுபடியும் மடித்தான். ஏன் என்று கேட்டேன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, வயிறு வேண்டாம் என்றது, அவ்வளவுதான் என்றான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று வாரம்தான் நம் துறைக்கு வருஷ வருமானம் என்பது உனக்குத் தெரியும், ஊரே மேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் நான் பெரெக்ரினாவின் மீன் கடையில் வரிசையில் நின்றேன். பெர்செபே வைக்கும் மேடை காலியாக இருந்தது. நல்லாத்தானே இருக்கு கடல், உங்க ஆளுங்க என்ன தவமா இருக்காங்க என்று அவள் குரலை உயர்த்திக் கேட்டாள். வரிசையில் என்னைத் தவிர ஐந்து பேர். நான் சிரித்துக்கொண்டே, "கடலுக்கு ஒண்ணுமில்ல, எங்க வீட்டுப் பிள்ளைக்குத்தான் வயிறு சரியில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்படின்னா அந்தக் கயித்துல துணி காயப்போடு ஒத்திலியா, சும்மாதானே கிடக்கு என்றாள் பெரெக்ரினா. அதற்கும் நான் சிரித்தேன். இரண்டு நாளில் மதுக்கடையில் அவனுக்குக் காய்ஞ்ச கயிறு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் எங்கிருந்து கிளம்பியது என்று அவன் கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. வேறு யாரிடமும் தான் சொல்லவில்லை என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

பதினாறாம் தேதி மூன்றாவது முறை மடித்துவிட்டு வந்து, அன்றைக்கும் மறைக்காமல் சொன்னான். நான் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்காமலே, "உங்க அப்பா கயிறு ஒரு டிசம்பர்லகூட காஞ்சு நான் பார்த்ததில்ல" என்றேன். அவன் சூப்பைக் குடித்தான். நன்றாக இருக்கிறது என்றான். இன்னொரு துண்டு ரொட்டி கேட்டான். கிண்ணத்தைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் எல்லாம் பேசினோம், கதவுக் கீல், உனக்கு வாங்கி வைத்த கம்பளிச் சட்டை, நீ வரும் விமானம். கடலைப் பற்றி நான் என் மகனிடம் கடைசியாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்.

பத்தொன்பதாம் தேதி நடந்ததை, கடலோரக் காவல் எழுதிய அறிக்கையையும் சபேலா, எலிசியோ இருவரிடமும் தனித்தனியாக நான் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன். மூன்றும் ஒத்துப்போகும் இடத்தை மட்டும் எழுதுகிறேன். நீர் வற்றும் நேரம் பதினொன்று ஐம்பது. பத்து நாற்பதுக்கு மூவரும் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். கடல் அமைதியாக இருந்தது, காற்று இல்லை, வெயில்கூட இருந்தது. பதினொன்று ஐந்துக்கு இறங்கினார்கள். எலிசியோ மேலே நின்று கடலைப் பார்த்துக் குரல் கொடுக்கும் முறை, சபேலா நடுத்திட்டில் கயிற்றைப் பிடிக்கும் முறை, ஷியான் கீழே கழுதைக் கல் என்ற பாறையில். பதினொன்று முப்பத்திரண்டுக்கு எலிசியோ கத்தினார். முதல் அலை அவனைக் கல்லிலிருந்து எடுத்தது, ஆனால் கயிறு தாங்கியது, சபேலா விடவில்லை. இரண்டாவது அலை வருவதற்குள் அவனைப் பாதி தூரம் இழுத்துவிட்டாள். மூன்றாவது அலையில் பாறை விளிம்பு கயிற்றை அறுத்தது. அவள் கையில் மிச்சமிருந்தது நாலு மீட்டர். எலிசியோ காவலுக்குப் போன் செய்தது பதினொன்று முப்பத்தாறு, ஹெலிகாப்டர் வந்தது பன்னிரண்டு ஒன்பது. இவ்வளவு உனக்குத் தெரியும்.

தெரியாததை ஜனவரி ஒன்பதாம் தேதிதான் சபேலா என்னிடம் சொன்னாள். சூப் கொண்டுவந்தவள் பாத்திரத்தை வைத்துவிட்டு உட்காரவில்லை. அன்றைக்கு மேட்டில் நின்றபோது ஷியான் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து ஒரு மடிப்பு மடித்தான், நான் பார்த்தேன் என்றாள். ரெண்டாவது மடிப்பு மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றானாம். ரொம்ப நேரமா சும்மாவே இருக்கு சபேலா, எனக்கு இது பிடிக்கல என்று கடலைப் பார்த்துச் சொன்னானாம். பிறகு உதறிப் பிரித்துவிட்டான். என்னடா என்று அவள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. இன்னைக்கு நனையட்டும்" என்றானாம். இதைச் சொல்லிவிட்டு அவள் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். நான் நினைத்தது, கயிறு அறுந்துபோனதற்காக அழுகிறாள் என்று. அது இல்லை. எனக்கும் அன்னைக்கு அந்தக் கடல் பிடிக்கலம்மா, அவன் மடிப்பான் மடிப்பான்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன் என்றாள். முந்தைய மூன்று முறையும் அவன் மடித்தபோது அவளுக்கு உயிர் வந்ததுபோல் இருந்ததாம். தான் மடித்தால் பொம்பளை என்பதால்தான் என்று பேசுவார்கள், அவன் மடித்தால் அந்தப் பேச்சு வராது என்று சும்மா இருந்துவிட்டாளாம்.

அன்று சாயங்காலமே எலிசியோ வீட்டுக்குப் போனேன். உங்களுக்கும் அன்றைக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அறுபத்தைந்து வயது மனிதர், நாற்பது வருஷம் அந்தப் பாறைகளில் இருந்தவர், பிடிக்கல என்றார். அப்படியென்றால் நீங்கள் ஏன் மடிக்கவில்லை என்றேன். மூணு தடவை அந்தப் பையன் மடிச்சுப் பேரு கெட்டுப்போச்சு, நாலாவது நான் மடிச்சா கிழவனும் சேர்ந்துட்டான்னு சிரிப்பாங்களேன்னு இருந்துச்சு என்றார். பாறையில் நின்றவர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் உடம்பு சொல்லியிருக்கிறது, ஒருவரும் கேட்கவில்லை. அப்போதுதான் அவரிடம் நான் ஷியானிடம் சொன்னதைச் சொன்னேன், சூப், ரொட்டி, அப்பாவின் கயிறு, எல்லாம். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "சிந்தோவா? உன் புருஷன் ஒரே குளிர்காலத்துல பதினோரு தடவை மடிச்சிருக்கான் ஒத்திலியா. நாங்க அவனை ஜவுளிக்கடைக்காரன்னுதான் கூப்பிடுவோம், அவ்வளவு நேர்த்தியா மடிப்பான். அவன் மடிச்சதாலதான் நான் இந்த வயசு வரைக்கும் இருக்கேன்" என்றார். எந்த வருஷம் என்று கேட்டேன். நான் சிந்தோவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய அதே வருஷம். பயம் என்ற சொல் தெரியாதவர் என்று தலைப்பு வைத்து எழுதினேனே, மதுக்கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததே, ஷியான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பத்திரிகை, அது. அது வெளிவந்த பிறகு உன் அப்பா ஒரு வாரம் மதுக்கடைப் பக்கமே போகவில்லை, நான் அடக்கம் என்று நினைத்தேன். எலிசியோவிடம் அப்பா சொன்னாராம், இனிமே வீட்டுல எப்பவுமே சொல்ல முடியாது என்று.

அவர் நுரையீரல் நோயில் மருத்துவமனைக் கட்டிலில் இறந்தார், கடல் அவரைத் தொடவில்லை. அதை நான் எப்போதும் அவருடைய திறமை என்று நினைத்தேன். திறமைதான். எதில் திறமை என்பதைத்தான் தவறாக எழுதிவிட்டேன். போன வாரம் மதுக்கடைக்குப் போய் அந்தச் சட்டத்தை இறக்கி வாங்கி வந்துவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

பிறகு இரண்டு வேலை செய்தேன். உட்கார்ந்து அழுவதற்கு நடுவில் எனக்குத் தெரிந்தது அவைதான். துறைமுக அலுவலகத்தில் அந்த நான்கு நாட்களுக்கும் கடல் மிதவையில் பதிவான அலைக் கணக்கைக் கேட்டு வாங்கினேன். டிசம்பர் ஐந்து, ஒன்றுமில்லை, இறங்கியிருந்தால் கூடை நிறைய எடுத்துக்கொண்டு ஏறியிருப்பார்கள். பதினொன்று, அவர்கள் கீழே இருந்திருக்க வேண்டிய நேரத்தில் இருபது நிமிஷம் ஆறு மீட்டருக்கு மேல் அலை. பதினாறு, ஒன்றுமில்லை. மூன்றில் ஒன்று. அவன் பயம் எப்போதும் சரியாக இருந்தது என்று உனக்கு எழுத எனக்கு ஆசைதான், ஆனால் கணக்கு அப்படி இல்லை. இரண்டு நாள் வீணாகத்தான் திரும்பினார்கள். வீணாகத் திரும்பிய அந்த இரண்டு நாளைத்தான் ஊர் எண்ணியது, நானும் எண்ணினேன். நடுவில் மூன்று பேரும் உயிரோடு வீடு வந்த நாளை யாரும் எண்ணவில்லை, ஏனென்றால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. பத்தொன்பதாம் தேதிக் கணக்கில் அலை உயரம் சாதாரணம். ஆனால் ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினெட்டு வினாடி. வழக்கமாகப் பத்து பன்னிரண்டு. எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் அடித்த புயலிலிருந்து வருவது அப்படித்தான் இருக்கும், நடுவில் கடல் தூங்குவதுபோலக் கிடந்துவிட்டுத் திடீரென்று பெரிய அலைகள் மூன்று நான்கு சேர்ந்து வரும் என்று அங்கிருந்த அதிகாரி விளக்கினார். ஷியானுக்குப் பதினெட்டு என்ற எண் தெரியாது. ஆனால் ஒன்பது வருஷம் அந்த நீரைப் பார்த்த கண் எண்ணியிருக்கிறது, எண்ணியதை வார்த்தையாக வாய்க்கு அனுப்ப நேரமில்லாமல் வயிற்றுக்கு அனுப்பியிருக்கிறது. ரொம்ப நேரமா சும்மாவே இருக்கு என்று அவன் சொன்னது அதைத்தான். வயிறு சரியில்லை என்று நான் கேலி செய்ததும் அதைத்தான்.

இரண்டாவது, என் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் படித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் இந்தக் கரையில் கடலில் இறந்த நாற்பத்தாறு பேரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதில் பத்தொன்பது பேர் அன்று காலை யாரிடமோ, இன்னைக்குச் சரியில்ல என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறார்கள், மனைவியிடம், கூட்டாளியிடம், ஒருவர் தன் நாயிடம். எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. ஒன்றைக்கூட நான் அச்சுக்கு அனுப்பவில்லை. செத்தவரைக் கோழை என்று சொன்னதுபோல் ஆகிவிடுமே என்று அடித்துவிட்டு, துணிச்சலானவர், கடலுக்கு அஞ்சாதவர் என்று எழுதினேன், குடும்பத்தாரும் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பயந்து திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் குறிப்பேடுகளில் இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள், அது செய்தியில்லை. அதனால் இந்தப் பத்தொன்பதை வைத்துப் பயம் எத்தனை தடவை சரி, எத்தனை தடவை தவறு என்று கணக்குப் போட முடியாது. ஆனால் நாற்பத்தாறு தடவை எதைப் புகழ்ந்தேன் என்பது தெரிகிறது. என் மகன் அதைப் படித்து வளர்ந்தான்.

இப்போது உன் கேள்வி. துரத்தாதே. எனக்குத் தெரிந்த பதில் இதுதான், வேறு சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் கை அந்தக் கம்பியை விடாமல் பிடித்துக்கொள்வது உன் தம்பிக்காகத் துக்கப்படுவதாலா, அல்லது அந்த ஏணியிலோ படகிலோ கடலிலோ உன் கண் பார்த்துவிட்ட ஏதோ ஒன்றாலா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். தெரியாதபோது கீழே நில். முதலில் அதனிடம் என்ன என்று கேள், சண்டை போடாதே. மூன்று தடவையும் ஒரே படகா, ஒரே ஓட்டுநரா, அலை எந்தப் பக்கமிருந்து வந்தது, முதல் நாள் தூங்கினாயா, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார். காரணம் கிடைத்தால் அதை உரக்கச் சொல், மற்றவர்களுக்கும் பிடிக்காமல்தான் இருக்கும், யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள். காரணம் கிடைக்கவில்லை, வெறும் துக்கம்தான் என்றால் அதுவும் சரி, அழுது முடியும்வரை கைக்குப் பலம் வராது, பலமில்லாத கையோடு ஏறக் கூடாது என்றுதானே அது சொல்கிறது. டாக்டர் கொடுத்ததாக நீ எழுதிய மாத்திரையைத் தூக்கத்துக்கு என்றால் அவர் சொன்னபடி போட்டுக்கொள். ஏறுவதற்காகக் கேட்டு வாங்காதே.

இன்னொரு பயம் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நான் எழுதியது பாதிதான். கடலைப் பார்த்து வரும் பயம் ஷியானை மேட்டிலேயே நிற்க வைத்தது. அவனைக் கீழே இறக்கியது வேறொரு பயம், மீன் கடை வரிசையைப் பார்த்து வரும் பயம், என் முகத்தைப் பார்த்து வரும் பயம். எலிசியோவும் சபேலாவும் வாய் திறக்காமல் நின்றதும் அதே பயத்தால்தான். நான் அந்த வார்த்தையைச் சொன்னதும்கூட அதனால்தான், சிந்தோவின் மகன் இப்படியா என்று நாலு பேர் கேட்டுவிடுவார்களோ என்று. உன் சாப்பாட்டு மேஜையில் பேச்சு நின்றுபோகும்போது உனக்கு வருவது அந்த இரண்டாவது பயம். வெட்கம் என்று நீ எழுதியிருப்பது அதைத்தான். அது வந்தால் எழுந்து வெளியே போய்விடு, அது சொல்லும் எதையும் செய்யாதே.

பெரெக்ரினா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வேலிக் கதவுக்கு வெளியே கையில் ஒரு மீன் பொட்டலத்தோடு நனைந்துகொண்டு நின்றாள். உள்ளே கூப்பிட்டேன். அந்தப் பேரை நான்தான் வச்சேன் ஒத்திலியா என்றாள். எடுத்துக் கொடுத்தது நான் என்றேன். அவள் மீனைச் சுத்தம் செய்தாள், நான் அடுப்பு மூட்டினேன், சாப்பிட்டோம். அவளை நீ வெறுக்காதே. என்னை என்ன செய்வது என்பதை நீ மெதுவாக முடிவு செய், நான் அவசரப்படுத்த மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்துக்குப் பதிலாக உடனே எழுதிவிடாதே, அப்படி எழுதினால் என்னைப் பார்க்கப் பாவமாக இருந்து எழுதினாய் என்றுதான் நான் நினைப்பேன். அவன் என்னிடம் மட்டும் ஏன் உண்மையைச் சொன்னான் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். விதிப்படி கடல் மூடியிருந்தது என்று சொல்லியிருந்தால் இன்று இருந்திருப்பான். என்னிடம் சொன்னால் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறான், வேறு ஒன்றும் இருக்க முடியாது.

உடலைத் தருவதற்கு நீதிபதி கையெழுத்துப் போட வேண்டும். வரும் இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை மதியத்துக்குள் ஆகிவிடும் என்று எழுத்தர் சொல்கிறார், அவர் சொல்வது இதுவரை ஒரு நாள் தள்ளித்தான் நடந்திருக்கிறது. ஆகிவிட்டால் அடக்கம் இருபத்தொன்பதாம் தேதி புதன் மாலை நாலு மணிக்கு, அப்பாவின் பக்கத்தில். தாமதமானால் வெள்ளிக்கிழமை. நீ செவ்வாய்க்கிழமை விமானத்தில் வந்தால் சரியாக இருக்கும். அன்றைக்கு மேற்குக் காற்று பலமாக இருக்கும் என்று சொல்கிறார்கள், விமானத்தில் ஏற மனம் ஒப்பவில்லை என்றால் ஏறாதே, எனக்கு ஒரு போன் செய், பாதிரியாரிடம் பேசி நாளைத் தள்ளிவைக்கிறேன். வரும்போது உன் பிறப்புச் சான்றிதழின் நகல் கொண்டுவா, அலுவலகத்தில் கேட்கிறார்கள். கனமான சட்டை இரண்டு எடுத்துக்கொள், கல்லறைப் பக்கம் ஈரம். நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக இருக்காதே, அந்த அயர்லாந்துத் தோழி வீட்டில் நாலு நாள் போய் இரு. கன்னி மரியாள் உன் கையையும் காலையும் காக்கட்டும், நீண்ட நாள் இருந்து, நரைத்து, என்னைவிடப் பெரிய கிழவியாகு மகளே.

நீதிபதியின் கையெழுத்து திங்கட்கிழமை தெரியும். மேலாளருக்கு நீ என்ன சொல்லப்போகிறாய் என்பது முப்பத்தோராம் தேதி வெள்ளி மாலைக்குள் தெரியும். அதுவரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

உன் அம்மா,
ஒத்திலியா